டிசம்பரில் நடந்த கிரிக்கெட்

1906 ஆகஸ்ட் கடைசியில் பிரிஸ்டலில் ஓர் ஆட்டம். குளூஸ்டர்ஷயரை வெல்ல யார்க்ஷயருக்கு 234 ரன் தேவை. 232 வந்துவிட்டது, கையில் ஒரே விக்கெட். ஜெசப் வீசிய பந்தில் ரிங்ரோஸ் எல்.பி.டபிள்யூ. ஒரு ரன்னில் தோல்வி. அந்த ஒரு ரன்னோடு கவுண்டி சாம்பியன் பட்டமும் போயிற்று, கென்ட் முதன்முறையாகச் சாம்பியன் ஆனது.

இந்தக் கதையைக் கிரிக்கெட் பிரியர்கள் பலர் சொல்லக் கேட்கலாம். அதன் பின்னால் இருக்கும் கணக்கை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

அன்றைய விதி இது: வெற்றிக்கு ஒரு புள்ளி கூட்டு, தோல்விக்கு ஒரு புள்ளி கழி. வருவதை, முடிவு கண்ட ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சதவீதம் பார். டிரா ஆனவை கணக்கிலேயே சேராது. கென்ட் 22 ஆட்டம் ஆடி 16 வென்று 2 தோற்றது. 18 ஆட்டத்துக்கு 14 புள்ளி, 77.77 சதவீதம். யார்க்ஷயர் 28 ஆடி 17 வெற்றி, 3 தோல்வி. 20 ஆட்டத்துக்கு 14 புள்ளி, 70 சதவீதம். பிரிஸ்டலில் வென்றிருந்தால் யார்க்ஷயருக்கு 80. சரி, வெல்ல வேண்டாம். மழை வந்து ஆட்டம் டிரா ஆகியிருந்தாலே 19 ஆட்டத்துக்கு 15 புள்ளி, 78.94. அப்போதும் பட்டம் யார்க்ஷயருக்குத்தான்.

கென்ட்டைவிட ஆறு ஆட்டம் அதிகம் ஆடி, ஒரு வெற்றி அதிகம் பெற்ற அணி இரண்டாம் இடத்தில் நின்றது. இதை அநியாயம் என்று நான் எழுத வரவில்லை. தோல்விக்கு அந்த விதி வைத்த விலை அதிகம், எல்லோருக்கும் அது முன்பே தெரியும். பட்டத்தைத் தீர்மானித்த பேனா மைதானத்தில் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

*

அந்தப் பேனா லண்டனில், லார்ட்ஸ் மைதானத்துக் கட்டிடத்தில், பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் இருந்தது. புல்வெளி ஈரத்தில் கிடக்கும் மாதம். கவுண்டிகளின் செயலாளர்கள் அங்கே கூடி அடுத்த கோடைக்கான ஆட்டங்களைப் பேசி முடிப்பார்கள். 1889 டிசம்பரில் அப்படிக் கூடியபோதுதான் சாம்பியனை எப்படிக் கணக்கிடுவது என்று தாங்களே ஒத்துக்கொண்டார்கள். அதுவரை யார் சாம்பியன் என்று பத்திரிகைகள் சொல்லிக்கொண்டிருந்தன, ஒரு பத்திரிகை சொல்வதை இன்னொன்று ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1890இல் எட்டுக் கவுண்டிகளோடு முறையான போட்டி தொடங்கியது. 1891இல் சாமர்செட் சேர்ந்தது. 1895இல் ஒரே மூச்சில் ஐந்து: டார்பிஷயர், எசெக்ஸ், ஹாம்ப்ஷயர், லெஸ்டர்ஷயர், வாரிக்ஷயர். 1899இல் வூஸ்டர்ஷயர், 1905இல் நார்த்தாம்ப்டன்ஷயர். பதினாறு ஆயிற்று.

*

நிர்வாகத்துக்கு என்று தனி அமைப்பு வேண்டும் என 1887இல் கவுண்டி கிரிக்கெட் கவுன்சில் ஒன்று தொடங்கினார்கள். கவுண்டிகளை மூன்று தரமாகப் பிரித்து, தரம் ஏறவும் இறங்கவும் வழி வைக்கலாம் என்று ஒரு திட்டம் அதன் முன் வந்தது. 1890 டிசம்பரில் அந்தத் திட்டத்தையும் தள்ளி, கவுன்சிலையே காலவரையறையின்றி நிறுத்திவைத்துவிட்டார்கள். அது மீண்டும் கூடவே இல்லை. கீழே இறங்கும் அவமானத்துக்கு எந்தப் பெரிய கவுண்டியும் தயாராக இல்லை. 1904இல் மேரிலெபோன் கிரிக்கெட் கிளப்பின் (எம்.சி.சி.) கீழ் கவுண்டி ஆலோசனைக் குழு வரும்வரை எல்லாம் கூடிப் பேசி ஒத்துப்போவதில்தான் நடந்தது.

அந்த 1890ஆம் ஆண்டுத் திட்டம் நிறைவேறியிருந்தால் டார்பிஷயர், சாமர்செட் போன்ற அணிகளுக்குப் பின்னாளில் கிடைத்த நீண்ட வேதனை கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். 1920இல் டார்பிஷயர் ஆடி முடித்த ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்றது.

*

அந்த நாட்களில் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும் என்ற விதி கிடையாது. குறைந்தது எட்டுக் கவுண்டிகளோடு, சொந்த மைதானத்தில் ஒன்று, அவர்கள் மைதானத்தில் ஒன்று என ஒத்துக்கொள்ளவைத்தால் போதும், போட்டியில் சேரலாம். இந்த ஒரு வரியில் எத்தனை செயலாளர்களின் உறக்கம் போயிருக்கும்! யார்க்ஷயர் வருகிறது என்றால் கூட்டம் வரும், ஆறு பென்ஸ் ஆறு பென்ஸாகச் சேர்ந்து வருஷச் செலவுக்கு ஆகும். சிறு கவுண்டிக்கு அந்த ஆட்டம் வேண்டும். யார்க்ஷயருக்கு அந்தச் சிறு கவுண்டி வேண்டுமா என்பது வேறு கேள்வி.

விடுமுறை நாட்கள் முதலில் பங்கு போடப்பட்டுவிடும். விட்சன் (பெந்தெகொஸ்தே) விடுமுறையும் ஆகஸ்ட் வங்கி விடுமுறையும் யார்க்ஷயர்-லங்காஷயருக்கு. ஓவலில் ஆகஸ்ட் விடுமுறையில் சர்ரேயும் நாட்டிங்காம்ஷயரும். கான்டர்பரி கிரிக்கெட் விழா வாரம் கென்ட்டுக்கு, அதை யாரும் தொட முடியாது. மிச்சமிருக்கும் நாட்களில் மற்றவை. அதையும் ரயில் நேரத்தோடு பொருத்த வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்கள் பெயர் எந்த ஸ்கோர் அட்டையிலும் அச்சாகவில்லை.

*

ஆகையால் சில பெயர்கள் இங்கே.

சார்லஸ் ஆல்காக். 1872 முதல் 1907 வரை, சாகும்வரை சர்ரேயின் செயலாளர். கால்பந்து சங்கத்தின் செயலாளராகவும் கால் நூற்றாண்டு இருந்தார், எஃப்.ஏ. கோப்பை அவர் யோசனை. ஒரு மனிதர் இரண்டு விளையாட்டுகளுக்கு நாட்காட்டி போட்டுக் கொடுத்தார்.

ஃபிரான்சிஸ் லேசி. 1898 முதல் 1926 வரை எம்.சி.சி. செயலாளர், வழக்கறிஞர். ஓய்வுபெற்றபோது 'சர்' பட்டம். கிரிக்கெட் சேவைக்காக அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதருக்கு அது மட்டைக்காகவும் இல்லை, பந்துக்காகவும் இல்லை. ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதியதற்காக.

ஃபிரெட்ரிக் டூன். லெஸ்டர்ஷயரிலிருந்து வந்து 1903 முதல் 1930 வரை யார்க்ஷயரின் செயலாளர். மூன்று ஆஸ்திரேலியப் பயணங்களுக்கு மேலாளர். அவருக்கும் 1929இல் 'சர்'.

ஆர். வி. ரைடர். வாரிக்ஷயரில் 1895 முதல் 1944 வரை. எட்ஜ்பாஸ்டனில் டெஸ்ட் ஆட்டம் நடக்கும் அளவுக்கு அந்த மைதானம் வளர்ந்தது அவர் காலத்தில்.

பால் ஃபோலி. வூஸ்டர்ஷயர்க்காரர். முதல்தரக் கவுண்டிகளின் வாசலில் நிற்கும் சிறு கவுண்டிகளுக்கென்று 1895இல் மைனர் கவுண்டி சாம்பியன்ஷிப் உருவாக முன்நின்றவர். முதல் ஆண்டு டர்ஹம், நார்ஃபோக், வூஸ்டர்ஷயர் மூன்றும் பட்டத்தைப் பகிர்ந்தன. அடுத்த மூன்று ஆண்டும் வூஸ்டர்ஷயரே. அந்த வலுவில்தான் 1899இல் மேலே ஏறியது.

*

1907 ஜூன், குளூஸ்டர். நார்த்தாம்ப்டன்ஷயர் முதல் இன்னிங்சில் மொத்தம் 12 ரன். குளூஸ்டர்ஷயரின் டென்னட் 9 ரன்னுக்கு 8 விக்கெட். இரண்டாவது இன்னிங்சில் 40க்கு 7, அதில் டென்னட்டுக்கே ஏழும். இன்னும் மூன்று விக்கெட். கடைசி நாள் மழை.

டிரா. அதாவது, அன்றைய விதிப்படி பட்டியலில் இந்த ஆட்டத்துக்கு இடமே இல்லை. 21 ரன்னுக்கு 15 விக்கெட் எடுத்த ஒரு மனிதனின் உழைப்பு சாம்பியன்ஷிப் கணக்கில் பூஜ்யம்கூட இல்லை, வெற்றிடம்.

அதே ஆண்டு நாட்டிங்காம்ஷயர் 15 வென்று, ஒன்றிலும் தோற்காமல், 4 டிராவோடு 100 சதவீதம் பெற்றது. தகுதியான சாம்பியன். ஆனால் ஒரே ஒரு ஆட்டம் வென்று மற்றதையெல்லாம் டிரா செய்கிற அணிக்கும் அந்த விதி 100 சதவீதம்தான் கொடுக்கும். மழைக்கு யாரையும் தண்டிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த விதி. தோற்கிற நிலையில் இருப்பவன் நேரத்தைக் கடத்த அதுவே காரணம் ஆயிற்று.

*

அதே 1907, ஜூலை, லார்ட்ஸ். மிடில்செக்சும் லங்காஷயரும். இரண்டாம் நாள் மழை, பந்தே வீசவில்லை. காசு கொடுத்துக் காத்திருந்த கூட்டம் பொறுமை இழந்து ஆடுகளத்தை மிதித்துவிட்டது. கெடுக்கப்பட்ட களத்தில் ஆட முடியாது என்று லங்காஷயர் கேப்டன் மெக்லாரன் அறிக்கை கொடுத்தார். ஆட்டம் கைவிடப்பட்டது. மழை நாளில் டிக்கெட் வாங்கியவனுக்கு என்ன பதில் சொல்வது என்பதை எந்தக் குழுவும் அதுவரை உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. கூட்டத்தின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு தொழிலாளி அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பான்.

*

1909இல் மேலே சொன்ன பழைய முறை. 1910இல் இன்னொன்று: ஆடிய ஆட்டங்களில் எத்தனை சதவீதம் வெற்றி என்று மட்டும் பார்ப்பது. 1911இல் மூன்றாவது: வெற்றிக்கு 5, டிரா ஆனால் முதல் இன்னிங்சில் முந்திய அணிக்கு 3, பிந்திய அணிக்கு 1. கிடைக்கக்கூடிய மொத்தப் புள்ளியில் கிடைத்தது எத்தனை சதவீதம் என்று பார்த்து வரிசைப்படுத்துவது. மூன்று கோடைக்கு மூன்று கணக்கு.

அந்த மூன்றாவது கணக்கு முதல் வருஷமே வரலாற்றைத் திருப்பியது. வாரிக்ஷயர் 20 ஆட்டம், 13 வெற்றி, 4 தோல்வி, 3 டிரா. கென்ட் 26 ஆட்டம், 17 வெற்றி, 4 தோல்வி, 5 டிரா. வாரிக்ஷயருக்கு 100க்கு 74 புள்ளி. கென்ட்டுக்கு 130க்கு 96, அதாவது 73.84. சாம்பியன் வாரிக்ஷயர். கேப்டன் ஃபிராங்க் ஃபாஸ்டருக்கு வயது 22.

இப்போது முந்தைய ஆண்டின் விதியை எடுத்து இதே ஆட்டங்களின் மேல் வையுங்கள். வாரிக்ஷயர் 20க்கு 13, 65 சதவீதம். கென்ட் 26க்கு 17, 65.38. சாம்பியன் கென்ட். அதற்கும் முந்தைய விதியை வைத்துப் பாருங்கள்: வாரிக்ஷயர் 17க்கு 9, கென்ட் 21க்கு 13. கென்ட் வெகுதூரம் முன்னால்.

மூன்றில் இரண்டு கணக்கு கென்ட்டைச் சாம்பியன் என்கிறது. டிரா ஆன ஆட்டம் ஒன்றில் கென்ட் முதல் இன்னிங்சில் முந்தியிருந்தால் புதுக் கணக்கிலும் அதுவே.

ஆனாலும் வாரிக்ஷயரின் பட்டத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். பருவம் தொடங்கும் முன்பே விதி எல்லோர் கையிலும் இருந்தது, அதற்கேற்ப ஆடி வென்றார்கள். டிரா ஆன மூன்றிலும் முதல் இன்னிங்ஸ் முன்னிலையை விடவில்லை, அந்த ஒன்பது புள்ளிதான் பட்டம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 1890இல் தொடங்கிய எட்டுக் கவுண்டிகளைத் தாண்டிப் பட்டம் வெளியே போனது அதுவே முதல் தடவை. இருபத்தொரு ஆண்டு பூட்டிக் கிடந்த கதவு திறந்ததற்கு ஃபாஸ்டரின் ஆட்டம் ஒரு காரணம், ஒரு தாளில் எழுதிய 5, 3, 1 என்ற மூன்று எண்கள் இன்னொரு காரணம். வாரிக்ஷயருக்கு அடுத்த பட்டம் 1951இல்தான்.

*

அமெச்சூர், தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பிரிவினை. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் மனம் கசக்கிறது. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு அன்று 'மிஸ்டர்' உண்டு, கூலிக்கு ஆடுபவருக்கு வெறும் பெயர். உடை மாற்றும் அறை தனி, பல மைதானங்களில் களத்துக்குள் வரும் வாசலே தனி. இருபதாம் நூற்றாண்டில் முறையான கவுண்டி கேப்டனாக ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் வர 1935 ஆயிற்று, லெஸ்டர்ஷயரில் யூவர்ட் ஆஸ்டில்.

காசு இல்லாத அமெச்சூர் என்ன செய்வார்? அதற்கும் வழி இருந்தது. கிளப்பில் உதவிச் செயலாளர் வேலை. சர்ரேயில் வால்டர் ரீட், லங்காஷயரில் மெக்லாரன். சம்பளம் அலுவலக வேலைக்கு, ஆட்டம் கௌரவத்துக்கு. அதே மைதானத்தில் நாள் முழுக்கப் பந்து வீசியவர் 'தொழிலாளி', சம்பளம் வாங்கிய உதவிச் செயலாளர் 'கனவான்'. நிர்வாகம் தன் புத்தகத்தில் ஒரு பொய்யைத் தெரிந்தே எழுதி வைத்திருந்தது.

*

யார்க்ஷயரின் ஹாக் பிரபு இந்த அமைப்புக்குள்ளேயே நின்று செய்த ஒரு நல்ல காரியம்: தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் குளிர்காலச் சம்பளம், வாரம் 2 பவுன். செப்டம்பரில் ஆட்டம் முடிந்ததும் சுரங்கத்துக்கோ ஆலைக்கோ வேலை தேடிப் போகும் நிலை அதனால் குறைந்தது. ஓர் ஆட்டக்காரருக்கு நிதி திரட்ட நடக்கும் பெனிஃபிட் ஆட்டத்தில் வசூலாகும் பணத்தின் பெரும்பங்கைக் கிளப்பே முதலீடு செய்து பாதுகாக்கும். 1904இல் ஜார்ஜ் ஹர்ஸ்டுக்குக் கிடைத்தது 3,703 பவுன். அந்தப் பெரும்பங்கு தன் கையில் வராததை ஒரு வளர்ந்த மனிதர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று யோசிக்கிறேன். அக்கறையும் அதிகாரமும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

பெனிஃபிட் பணம் வருமானமா, அன்பளிப்பா? கென்ட்டின் ஜேம்ஸ் சீமர் 1920இல் பெற்ற தொகைக்கு வரித் துறை கணக்குக் கேட்டது. வழக்குப் பிரபுக்கள் சபைவரை போய், அது அன்பளிப்பு, வரி கிடையாது என்று 1927இல் தீர்ப்பாயிற்று.

*

1900 டிசம்பரில் கூடியவர்கள் செயலாளர்கள் அல்ல, கேப்டன்கள். பொருள்: பந்தை வீசாமல் எறிகிறவர்கள். சில பந்துவீச்சாளர்களை இனிப் பயன்படுத்துவதில்லை என்று தங்களுக்குள் ஒத்துக்கொண்டார்கள். பட்டியலில் லங்காஷயரின் ஆர்தர் மோல்ட் பெயரும் இருந்தது. லங்காஷயர் ஏற்கவில்லை. மறு ஜூலையில் ஓல்ட் டிராஃபோர்டில், சாமர்செட்டுக்கு எதிராக, நடுவர் ஜிம் பிலிப்ஸ் பத்து ஓவரில் பதினாறு முறை மோல்ட் பந்தை நோ-பால் என்றார். அந்தப் பருவத்தோடு மோல்டின் ஆட்டம் முடிந்தது.

நடுவர் களத்தில், எல்லோர் முன்பும் சொன்னது எனக்குச் சரி. மூடிய அறையில், அந்த மனிதர் இல்லாத இடத்தில், அவர் பிழைப்பைப் பற்றிப் பட்டியல் போட்டது சரியில்லை.

*

குழுவை எதிர்த்த அமெச்சூரும் தப்பவில்லை. 1909இல் ஆஸ்திரேலியருக்கு எதிராகச் சர்ரேக்குத் தலைமை ஏற்கும்படி ஜாக் கிராஃபோர்டைக் கேட்டார்கள். முக்கியமான தொழில்முறை ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு அணி தேர்ந்திருந்தார்கள். இந்த அணிக்குத் தலைமை தாங்க மாட்டேன் என்றார். இனிச் சர்ரேக்கு ஆட அழைக்கப்படமாட்டார் என்று குழு முடிவெடுத்தது. வயது 22. அடிலெய்டில் ஒரு பள்ளி வேலைக்குப் போனார். மீண்டும் சர்ரேக்கு ஆடியது 1919இல், போருக்குப் பின்.

*

அன்றைய தகுதி விதி: பிறந்த கவுண்டிக்கு ஆடலாம், இல்லையேல் இரண்டு வருஷம் வசித்துத் தகுதி பெற வேண்டும். இந்தியாவில் பிறந்த ரஞ்சித்சிங்ஜிக்கு இரண்டாவது வழிதான். 1895இல் சசெக்சுக்கு ஆடத் தொடங்கினார், 1899 முதல் 1903 வரை அதன் கேப்டன்.

இந்த விதியின் காவலர் கென்ட்டின் ஹாரிஸ் பிரபு. அவர் தந்தை 1854 முதல் 1859 வரை சென்னை ராஜதானியின் கவர்னர், குடும்பப் பட்டத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. 1922இல் குளூஸ்டர்ஷயர் வால்டர் ஹாமண்ட் என்ற இளைஞரை ஆடவைத்தபோது, பையன் பிறந்தது கென்ட்டின் டோவரில் என்று ஆட்சேபணை எழுந்தது. ஹாமண்டின் தந்தை ராணுவத்தில் இருந்தவர், பையன் படித்தது குளூஸ்டர்ஷயரின் சிரன்செஸ்டரில். அதெல்லாம் எடுபடவில்லை. அந்தப் பருவத்தின் மிச்சம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். ஹாரிஸ் பிரபு தாமே டிரினிடாடில் பிறந்தவர்.

விதி இல்லாவிட்டால் பணக்காரக் கவுண்டி ஏழைக் கவுண்டியின் பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்பது உண்மை. நான் விதியின் பக்கம்தான். ஆனால் 19 வயதுப் பையனின் ஒரு கோடை திரும்பி வராது.

*

1914 ஆகஸ்ட். போருக்காக ராணுவம் ஓவலை எடுத்துக்கொண்டதால் ஜாக் ஹாப்சின் பெனிஃபிட் ஆட்டம் லார்ட்சுக்கு மாறியது. சர்ரே கடைசி இரண்டு ஆட்டங்களை ஆடவில்லை, ஆயினும் பட்டம் அதற்கே வழங்கப்பட்டது. அடுத்த இடத்தில் இருந்த மிடில்செக்ஸ் தகராறு செய்யவில்லை.

*

1919. போர் முடிந்து முதல் பருவம். எல்லா ஆட்டத்தையும் இரண்டு நாளில் முடிப்பது என்று தீர்மானம். மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் அடைக்க, மாலை ஏழரைவரை ஆட்டம். களைத்துப்போன ஆட்டக்காரர்கள், சாப்பாட்டு நேரம் தாண்டியும் மைதானத்தில் நடுவர்கள், அதன் பிறகும் டிரா. போரிலிருந்து திரும்பிய உடம்புகளிடம் இதைக் கேட்டிருக்கக் கூடாது. மறு ஆண்டே கைவிட்டார்கள்.

அந்த 1919இல் வூஸ்டர்ஷயர் போட்டியில் சேரவே இல்லை. செவர்ன் நதி வெள்ளம் ஏறும் நியூ ரோடு மைதானத்தை வைத்துக்கொண்டு, ஃபோலி வளர்த்த கவுண்டி ஒரு வருஷம் வெளியே நின்றது. 1920இல் திரும்பி வந்தது.

1921இல் பதினேழாவதாக கிளாமர்கன், வேல்ஸிலிருந்து. தேவையான எட்டுக் கவுண்டிகளின் சம்மதத்தைத் தேடிப் பிடித்துத்தான் உள்ளே வந்தார்கள். கார்டிஃபில் நடந்த முதல் ஆட்டத்தில் சசெக்சை 23 ரன்னில் வென்றார்கள். பருவம் முடிந்தபோது 2 வெற்றி, 14 தோல்வி, கடைசி இடம். டிசம்பரில் லார்ட்சுக்கு வந்து அடுத்த ஆண்டு ஆட்டங்களைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.